வீட்டு போட்டோ எடுக்க கம்மி செலவுல என்ன கேமரா? முதல்ல லென்ஸ பாருங்க

நீங்க கேட்டது இதுதான்: வாடகைக்கும் விலைக்கும் வர்ற வீடுகள உள்ள வெளிய படம் எடுத்துக் குடுக்கிற வேலை வந்திருக்கு, இதுவரைக்கும் போன்லயே ஓட்டிட்டீங்க, இப்ப ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கணும், ஆனா பெருசா செலவு பண்ண முடியாது. 83 மடங்கு ஜூம் இருக்கிற கேமரா ஒண்ணும், 18-55 லென்ஸோட வர்ற ஒரு சாதா டிஎஸ்எல்ஆர் (லென்ஸ கழட்டி மாத்துற கேமரா) கிட்டும் பாத்து வெச்சிருக்கீங்க, இதுல எது நல்லது, எத்தனை மெகாபிக்சல் வேணும்னு கேக்குறீங்க. நான் பல வருஷமா வீடுகள எடுத்திட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க, ஏன்னா இந்த இடத்துலதான் நிறைய பேர் காச தப்பான பொருள்ல போட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறாங்க.

முதல்ல ஒண்ண மனசுல வெச்சுக்கோங்க. வீடு நகராது. கல்யாணம், விளையாட்டு, பறவை, கொழந்தைங்க, இதெல்லாம் எடுக்கிறவங்களுக்கு வேகமான ஃபோகஸ், இருட்டுலயும் எடுக்கிற சென்சார் (உள்ள படம் விழுற சில்லு), செகண்டுக்கு பத்து ஷாட்டு எல்லாம் வேணும், கேமராவோட விலை ஏறுறதே அதுக்காகத்தான். சுவரும் ஜன்னலும் அப்படியே நிக்கும், அரை செகண்ட் ஷட்டர் தொறந்து வெச்சாலும் ஒண்ணும் ஆகாது, வெளிச்சம் பத்தலைன்னா நேரத்த கூட்டிக் குடுத்தா போதும். அதனால வீட்டு போட்டோவுக்கு பத்து வருஷம் பழைய பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) கூட தாராளமா போதும், காசு போக வேண்டியது லென்ஸுக்கும் டிரைபாடுக்கும்தான். வாங்குற வரிசையும் அதேதான்: லென்ஸ் முதல்ல, டிரைபாட் ரெண்டாவது, மிச்சம் இருக்கிற காசுல பாடி. எல்லாரும் தலைகீழா பாடில ஆரம்பிக்கிறாங்க.

லென்ஸ் ஏன் முதல்லன்னு ஒரு ரூம வெச்சு கணக்கு போட்டே காட்டுறேன். பத்துக்குப் பத்து பெட்ரூம், முதுகு பின் சுவத்துல ஒட்டுற மாதிரி நிக்கிறீங்க, கேமரா சுவத்துலேர்ந்து ஒரு அடி முன்னாடி இருக்கு, எதிர் சுவர் ஒன்பது அடி தூரத்துல. ஃபுல் ஃபிரேம்னு சொல்ற பெரிய சென்சாரோட அளவு 36க்கு 24 எம்எம், அதனால எவ்ளோ அகலம் படத்துல விழும்னு பாக்க தூரத்த 36 ஆல பெருக்கி லென்ஸ் மேல போட்டிருக்கிற எம்எம் நம்பரால (சின்ன நம்பர்னா அகலமா தெரியும்) வகுத்தா போதும், உயரத்துக்கு 36க்கு பதிலா 24. உங்க 18-55 கிட் லென்ஸ் சின்ன சென்சார் கேமரால மாட்டுறது, அந்த சைஸ ஏபிஎஸ்-சின்னு சொல்லுவாங்க, அதுல நிக்கான் சோனின்னா ஒன்றரையால பெருக்கணும், கேனான்னா 1.6 ஆல. ஆக 18ங்கிறது ஃபுல் ஃபிரேம் கணக்குல 27. இப்ப போட்டுப் பாருங்க, ஒன்பது அடியில 12 அடி அகலம், 8 அடி உயரம். எதிர் சுவர் முழுசா வந்துடுது, ஆனா பக்கத்து சுவர்ல கடைசி ஒன்றரை அடிதான் தெரியும், சீலிங்கும் தரையும் ரெண்டும் சேந்து வராது, கட்டில்ல பாதி வெட்டுப்பட்டுப் போகும். பாக்கிறவனுக்கு ஒரு சுவரும் ஒரு ஜன்னலும் தெரியும், ரூம் தெரியாது.

அதே இடத்துல 18 எம்எம் கணக்குல வர்ற லென்ஸ் போட்டா 18 அடி அகலம், 12 அடி உயரம். பக்கத்து சுவர் ரெண்டுலயும் நாலு நாலு அடி தெரியும், தரையும் சீலிங்கும் வரும், ரூம் எப்படி அமைஞ்சிருக்குன்னு புரியும். இன்னொரு விஷயமும் இதுல இருக்கு: 18 எம்எம்ல அகலவாக்குல சரியா 90 டிகிரி தெரியும், ரூமோட மூலையும் 90 டிகிரிதான், அதனால மூலைல நின்னு எடுத்தா ரெண்டு பக்கச் சுவரும் ஓரத்துல வந்து ஒட்டிக்கும். வீட்டு உள் படம் எடுக்கிறவங்க 16லேர்ந்து 24 வரைக்கும்னு சொல்றதுக்கு காரணமே இந்த மூலைக் கணக்குதான்.

இப்ப நீங்க பாத்த 83 மடங்கு ஜூம் கேமராவுக்கு வருவோம். அது நிக்கான் பி900னு நினைக்கிறேன், அதோட ஜூம் 24லேர்ந்து 2000 எம்எம் வரைக்கும். 2000 எம்எம்முக்கு நிலாவ எடுக்கலாம், வீட்டுக்குள்ள அதுக்கு வேலையே இல்ல, நமக்கு வேண்டியது ஆரம்பிக்கிற நம்பர் மட்டும்தான். ஜூம் எத்தனை மடங்குன்னு பாக்காதீங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னு பாருங்க. 24ல ஆரம்பிக்கிறது ஹால், வெளி முகப்பு, மொட்டை மாடி இதுக்கெல்லாம் ஓகே, பாத்ரூம் சின்ன கிச்சன்னா திணறும். அதே ரகத்துல பானசோனிக் எஃப்இசட்80, சில ஊர்ல எஃப்இசட்82னு விக்கிறாங்க, அது 20ல ஆரம்பிக்குது, ரா ஃபைலும் (கேமரா திருத்தாத மூலப் படம்) குடுக்குது. ஒரே பொருள், லென்ஸ் மாத்துற வேலையே வேண்டாம், ரொம்ப கம்மி செலவுதான் முடியும்னா இது மோசம் இல்ல. ஆனா அதோட சென்சார் சுமார் 6க்கு நாலரை எம்எம்தான், ஏபிஎஸ்-சி சென்சாரோட பரப்புல பதிமூணுல ஒரு பங்கு, ஜன்னல் வெளிச்சமும் கட்டிலுக்கு அடியில இருக்கிற இருட்டும் ஒரே படத்துல வரும்போது அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

மெகாபிக்சல் பத்தி ரெண்டே வரி. 4கே டிவி முழுக்க நிறைய 8.3 மெகாபிக்சல் போதும், ஏ4 தாள்ல நல்ல தரமா பிரிண்ட் போட 8.7 போதும். 12க்கு மேல எது இருந்தாலும் சரி. 16, 18, 24 இருந்தா ஓரத்த வெட்டி நிமித்துறதுக்கு வசதி, அது எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

சரி, எந்த லென்ஸ்? கம்மி செலவுக்கு நான் யார் கேட்டாலும் முதல்ல சொல்றது கேனான் இஎஃப்-எஸ் 10-18 எஸ்டிஎம், 2014ல வந்தது. 240 கிராம்தான், கேமரால மாட்டுற வளையம்கூட பிளாஸ்டிக், கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும், எடுக்கிற படம் அப்படி இருக்காது. ஃபுல் ஃபிரேம் கணக்குல 16லேர்ந்து 29. வெளிச்சம் கம்மியா வாங்குற லென்ஸ்தான், எஃப் 4.5ல ஆரம்பிக்கும் (எஃப்ங்கிறது லென்ஸ் ஓட்டையோட அளவு, நம்பர் கூடினா ஓட்டை சின்னது), ஆனா நாம எப்படியும் டிரைபாட்ல எஃப் 8 வெச்சுத்தான் எடுக்கப் போறோம், அதனால அது குறையே இல்ல. எஃப் 2.8 லென்ஸுக்கு கூட காசு குடுக்கிறது நம்ம வேலைக்கு வேஸ்ட்டு. எஃப் 8ல 10 எம்எம் வெச்சு ஒரு மீட்டர் தூரத்துல ஃபோகஸ் பண்ணுனா சுமார் 40 செமீலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் எல்லாமே தெளிவா இருக்கும், ஒருதடவ ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவல்ல பூட்டிட்டா அந்த வீடு முடியிற வரைக்கும் தொடவே வேண்டாம். எஃப் 16, 22னு இன்னும் சின்னதாக்கிட்டே போகாதீங்க, ஓட்டை ரொம்ப சின்னதானா வெளிச்சம் சிதறி படம் முழுக்க மழுங்கிடும்.

நிக்கான்ல அதே மாதிரி 10-20 ஏஎஃப்-பின்னு ஒண்ணு 2017ல வந்துச்சு, 230 கிராம், 15லேர்ந்து 30 கணக்கு. நல்ல லென்ஸ், ஆனா ஒரு பொறி இருக்கு: டி3100, டி3200, டி5100 மாதிரி பழைய பாடில இது ஃபோகஸே பண்ணாது, மேனுவலாக்கூட முடியாது, ஏன்னா ஃபோகஸ் வளையமும் மோட்டார் வழியாத்தான் வேலை செய்யுது. டி5300 எடுத்தீங்கன்னா அதுல புது ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. டோக்கினா 11-16ன்னு பழைய லென்ஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்டுல நிறைய கெடைக்கும், அதோட முதல் வெர்ஷன்ல நிக்கானுக்கு வர்றதுல மோட்டார் கெடையாது, டி3000 டி5000 வரிசை பாடில ஆட்டோ ஃபோகஸ் வராது, ஆனா கையால வளையத்த சுத்தி பண்ணலாம், நம்ம வேலைக்கு அது போதும்.

மிரர்லெஸ், அதாவது உள்ள முகம் பாக்கிற மாதிரி கண்ணாடி இல்லாத கேமராலன்னா, கேனான் இஓஎஸ் எம் வரிசைய கம்பெனியே கைவிட்டுட்டாங்க, அதனாலயே பலபேர் வித்துட்டு போறாங்க. அடுத்து என்ன லென்ஸ் வரும்ங்கிற கவலை மத்தவங்களுக்கு, நமக்கு ஒரே ஒரு லென்ஸ் போதும், அது ஏற்கனவே இருக்கு: இஎஃப்-எம் 11-22, கணக்குல 18லேர்ந்து 35, கையடக்கமா, ஓரம் வரைக்கும் தெளிவா இருக்கும். எம்50 பாடியோட அது கெடைச்சா யோசிக்காம எடுங்க. ஒலிம்பஸ், பானசோனிக்னா சென்சார் இன்னும் கொஞ்சம் சின்னது, ரெண்டால பெருக்கணும், ஒலிம்பஸ் 9-18 போட்டா 18லேர்ந்து 36. சோனி 10-18 நல்லாத்தான் இருக்கும், ஆனா செகண்ட் ஹேண்ட்லயும் விலை சீக்கிரம் எறங்க மாட்டேங்குது, பட்ஜெட்னா நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

16க்கும் கீழ போகாதீங்கன்னு நான் சொல்றதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. ரொம்ப வைடா எடுத்தா ஓரத்துல இருக்கிற ஃபிரிட்ஜ் பீரோ மாதிரி நீளும், எட்டடி ரூம் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். படத்த பாத்துட்டு ஆசையா வர்ற குடும்பம் வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாக்கும்போதே அவங்க முகம் வாடுறத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், லீவு போட்டு, கொழந்தைய தூக்கிட்டு, பஸ் ஏறி வந்திருப்பாங்க. அவங்களுக்கு நேர்மையா இருக்கணும். கட்டாயத்துக்குத்தான் 16, பாத்ரூம் மாதிரி. மத்தபடி நான் 18லேர்ந்து 22க்குள்ளயே நிப்பேன், ஹால் பெருசா இருந்தா 24. மீன் கண்ணு லென்ஸ், ஹெல்மெட்ல மாட்டுற ஆக்ஷன் கேமரா, இதெல்லாம் சுவர வளைச்சுடும், வேண்டவே வேண்டாம்.

இப்ப பாடி. எது வாங்கினாலும் மூணு விஷயத்த பாத்து வாங்குங்க. முதல் விஷயம் திருப்புற ஸ்கிரீன். இத கடையில யாரும் சொல்ல மாட்டாங்க, மூலைல நின்னு எடுத்தாத்தான் தெரியும். நல்ல கோணம் எப்பவும் மூலைலதான் இருக்கும், டிரைபாட மூலைக்குள்ள தள்ளி, ஒரு கால சுவரோட ஒட்டி வெச்சா கேமராவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும், அங்க தலைய விட்டு பாக்கவே முடியாது. ஸ்கிரீன பக்கவாட்டுல மடக்கித் திருப்ப முடிஞ்சா பக்கத்துல நின்னு நிதானமா சரிபண்ணலாம். முடியலைன்னா கேமராவ ஒரு அடி முன்னாடி கொண்டு வருவீங்க, மேல போட்ட கணக்குப்படி அந்த ஒரு அடிக்கு 18 எம்எம்லயே ரெண்டு அடி அகலம் போயிடும். கேனான் 600டி, 700டி, 200டி, நிக்கான் டி5100, டி5300, எம்50 எல்லாத்துலயும் ஸ்கிரீன் திரும்பும். கேனான் 1500டி, ஆர்100, நிக்கான் டி3500 இதுல எல்லாம் திரும்பாது.

ரெண்டாவது, தானா பிராக்கெட்டிங் பண்ற வசதி, அதாவது ஒரே காட்சிய இருட்டா, சரியா, வெளிச்சமான்னு மூணு படமா எடுக்கிறது. இது ஏன்னு வெளிச்சம் பத்தி பேசும்போது சொல்றேன். நிக்கான் டி3100லேர்ந்து டி3500 வரைக்கும் அந்த வரிசையில இது கெடையாது, டி5000 வரிசையில உண்டு. நீங்க பாத்த அந்த சாதா கிட்டு டி3500ன்னா இது ஒண்ணுக்காகவே வேண்டாம்னு சொல்லுவேன், மத்தபடி நல்ல கேமராதான். கேனான்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு, ரெண்டு செகண்ட் டைமரும் பிராக்கெட்டிங்கும் சேத்து வெச்சா ஒரே அமுக்குல மூணு படமும் வரிசையா எடுத்துடும், கைபட்டு கேமரா அசையவே அசையாது.

மூணாவது ஃபிளாஷ் மாட்டுற இடம். கேமரா தலையில நிக்கிற அந்த குட்டி ஃபிளாஷ மறந்துடுங்க, டைல்ஸ்லயும் பீரோ கண்ணாடியிலயும் வெள்ளையா பொட்டு வெச்ச மாதிரி விழும். ஆனா பின்னாடி எப்பவாவது தனி ஃபிளாஷ் ஒண்ணு வாங்கி சீலிங்ல அடிச்சு எடுக்கணும்னு தோணும். கேனான் 200டி மார்க் 2, 1500டி, 3000டி மூணுலயும் ஃபிளாஷ் மாட்டுற இடத்துல நடு பின்ன எடுத்துட்டாங்க, அதனால வேற கம்பெனியோட சாதா மேனுவல் ஃபிளாஷும், தள்ளி வெச்ச ஃபிளாஷ எரிய வைக்கிற டிரிக்கரும் அதுல வேலை செய்யாது. முதல் 200டில அந்தப் பின் இருக்கு. அதாவது பழசு நம்ம வேலைக்கு புதுச விட நல்லது. வாங்குறதுக்கு முன்னாடி மேல ஒரு பார்வை பாருங்க, நடுவுல வட்டமா ஒரு புள்ளி இருக்கணும்.

ஆக என் பதில நேரா கேட்டீங்கன்னா, செகண்ட் ஹேண்ட் கேனான் 700டி இல்லாட்டி 200டி, அதோட 10-18, அப்புறம் கனமான ஒரு டிரைபாட். 700டி 2013ல வந்தது, 18 மெகாபிக்சல், போதும். பட்ஜெட் இன்னும் இறுக்கமா இருந்தா 2011ல வந்த 600டி, அதே லென்ஸ். கிட் லென்ஸோட வாங்காதீங்க, பாடி மட்டும் தனியா கேளுங்க.

டிரைபாடுல காச மிச்சம் புடிக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். ஊருக்கு தூக்கிட்டுப் போற சுண்டுவிரல் கனத்துல கால் இருக்கிறது வேண்டாம், நீங்க வீட்டுக்கு வீடு வண்டியில போகப் போறீங்க, கனமா இருந்தா நல்லதுதான். நடுத்தண்ட ஏத்தாமலே உங்க நெஞ்சு உயரத்துக்கு வரணும். உருண்டையா பால் தலை இருக்கிறத விட மூணு பிடி வெச்ச தலை நல்லது, ஏன்னா ஒரு பக்கத்த சரிபண்ணும்போது இன்னொரு பக்கம் கலையாது. அடியில ரப்பர் இருக்கணும், டைல்ஸ்ல இரும்பு முனை வழுக்கும், வீட்டுக்காரங்க தரையில கீறலும் விழும். மரத் தரையா இருந்தா ஷட்டர் தொறந்திருக்கும்போது நடக்காதீங்க, ஒரு காலடிக்கே படம் அதிரும், நான் ஒரு மாடி வீட்டுல ரெண்டு ரூம் படம் மறுபடி எடுக்க வேண்டி வந்ததுக்கு அதுதான் காரணம்.

இனி கேமரா நேரா இருக்கணும்ங்கிற விஷயம், வீட்டு போட்டோவுல பாதி இதுதான். கேமரா மேல பாத்தா சுவரெல்லாம் உள்பக்கமா சாயும், கீழ பாத்தா வெளிப்பக்கமா விரியும். வைடு லென்ஸ்ல ரெண்டு டிகிரி சாஞ்சாலே கதவு நிலை சாஞ்ச மாதிரி தெரியும், பாக்கிறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா வீடு ஏதோ சரியில்லன்னு படும். ஸ்கிரீன்ல கட்டம் போடுற வசதிய ஆன் பண்ணுங்க, ஒரு கட்டக்கோட்ட கதவு நிலையோட ஓரத்துல வெச்சு ரெண்டும் ஒட்டிப் போகுதான்னு பாருங்க. உயரம் பெட்ரூம் ஹாலுக்கு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல, நாலு அடி சுமாரா வெச்சா நல்லா இருக்கும். கண் உயரத்துல வெச்சா நேரா இருந்தாலும் சீலிங் நிறைய வந்து கட்டில் கீழ ஒடுங்கிடும். கிச்சன்ல மட்டும் மேடைய விட கொஞ்சம் மேல, மேடையோட மேல்பக்கம் ஒரு பட்டையா தெரியிற அளவுக்கு ஏத்துங்க.

வெளி முகப்பு எடுக்கும்போது இது இன்னும் கஷ்டம், ரெண்டு மாடி வீட்டுக்கு முன்னாடி ரோடு குறுகலா இருந்தா மேல நிமிந்துதான் பாத்தாகணும், பாத்தா வீடு பின்னாடி சாயும். இதுக்குன்னே லென்ஸ நகத்துற மாதிரி ஷிஃப்ட் லென்ஸ் இருக்கு, 35 எம்எம் எஸ்எல்ஆர் கேமராவுக்கு நிக்கான் 1962லயே ஒண்ணு விட்டாங்க, ஆனா விலைய பாத்தா நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது. அதுக்கு ஏழை வழி ஒண்ணு சொல்றேன். கேமராவ மேல சாய்க்காம நேராவே வெச்சு, படம் உயரவாக்குல வர்ற மாதிரி திருப்பி, வைடா எடுங்க, வீடு படத்தோட மேல்பாதியில முழுசா விழும், கீழ்பாதி வெறும் ரோடு, அந்த ரோட்ட வெட்டி எறிஞ்சுடுங்க. ஷிஃப்ட் லென்ஸ் பண்றதும் கிட்டத்தட்ட இதேதான். 24 மெகாபிக்சல்ல மூணுல ஒரு பங்க வெட்டினாலும் 16 மிச்சம் இருக்கும், மெகாபிக்சல் நமக்கு உதவுற ஒரே இடம் இது.

வெளிச்சம். பகல்ல ரூமுக்குள்ள நின்னு ஜன்னல பாத்து எடுத்தா ஒண்ணு வெளிய வெள்ளையா எரிஞ்சு போகும், இல்ல உள்ள இருட்டா போகும், போன்ல எடுக்கும்போது இத பாத்திருப்பீங்க. எவ்ளோ வித்தியாசம்னு ஒரு அளவு சொல்றேன்: ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) 100, எஃப் 8 வெச்சா வெளிய வெயிலுக்கு 1/400 செகண்ட் போதும், அதே செட்டிங்ல ஜன்னல் வெளிச்சம் மட்டும் வர்ற ரூமுக்கு அரை செகண்ட் தேவைப்படும். இருநூறு மடங்கு. எந்த கேமராவும் ஒரே படத்துல இத சுளுவா அள்ளிடாது. அதனாலதான் பிராக்கெட்டிங், ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாவோ ரெண்டு மடங்காவோ ஆகுறது) இருட்டா ஒண்ணு, சரியா ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் வெளிச்சமா ஒண்ணு, மூணையும் ரா ஃபைல்ல எடுத்து கம்ப்யூட்டர்ல சேத்துடலாம். இதுக்கு காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம், ரா ஃபைல திருத்துற டார்க்டேபிள், ராதெரபீ ரெண்டும் இலவசம், படங்கள சேக்க ஹ்யூகின் இலவசம், அதுக்குள்ளயே என்ஃப்யூஸ்னு ஒண்ணு வரும், அது மூணு படத்துலேர்ந்தும் நல்ல பாகத்த மட்டும் எடுத்து ஒட்டும், ரொம்ப இயற்கையா இருக்கும். சுவரெல்லாம் ஜொலிக்கிற மாதிரி, மேகம் எல்லாம் கறுத்துப் போற மாதிரி எச்டிஆர்னு சொல்லி மிகைப்படுத்தி சேக்காதீங்க, தயவுசெஞ்சு.

இன்னொரு வழி காத்திருக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் வெளி வெளிச்சம் இறங்கிட்டே வரும், உள்ள லைட்ட போட்டுட்டா கொஞ்ச நேரம் ரெண்டும் சமமா வந்து நிக்கும், ஜன்னல்ல வானம் ஊதாவா தெரியும், அப்ப ஒரே படத்துல எல்லாம் அடங்கிடும். வீட்டு போட்டோவுல உலகம் முழுக்க பேர் வாங்கின ஜூலியஸ் ஷுல்மன், லாஸ் ஏஞ்சலஸ்ல பியர் கோனிக்ங்கிற ஆர்க்கிடெக்ட் கட்டின கேஸ் ஸ்டடி ஹவுஸ் 22ங்கிற கண்ணாடி வீட்ட 1960ல எடுத்தப்ப இதே சிக்கல்தான் அவருக்கும் வந்துச்சு. கீழ ஊரோட விளக்குகளுக்காக ஷட்டர ஏழு நிமிஷம் தொறந்து வெச்சுட்டு, உள்ள உக்காந்திருந்த ரெண்டு பொண்ணுங்களுக்காக கடைசியில ஃபிளாஷ் அடிச்சார். வெளிய ஒரு நேரம், உள்ள ஒரு வெளிச்சம், ரெண்டையும் ஒரே ஃபிலிம்ல சேத்தார். நாம மூணு படமா பிரிச்சு எடுத்து சேக்குறதும் அதே யோசனைதான், அவருக்கு இல்லாத வசதி நமக்கு ஒரு பட்டன்ல இருக்கு.

பகல்ல எடுக்கும்போது பல்ப அணைச்சுடுங்க. வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ல அளப்பாங்க, மஞ்சள் பல்பு 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம், ரெண்டும் ஒரே வெள்ளைச் சுவத்துல விழுந்தா பாதி மஞ்சளாவும் பாதி நீலமாவும் தெரியும், அத கம்ப்யூட்டர்ல சரிபண்றது தலைவலி. சாயங்காலம்னா எல்லாத்தையும் போடுங்க.

போனே போதாதான்னு கேட்டா, இப்ப வர்ற போன்ல 13 எம்எம் கணக்குல ஒரு வைடு இருக்கு, வேலை பிடிச்சிருக்கான்னு பாக்க அத ஒரு ஸ்டாண்டுல மாட்டி, நேரா வெச்சு, ஓரத்த வெட்டிட்டு ஒரு மாசம் எடுத்துப் பாருங்க, தப்பே இல்ல. கையில புடிச்சு எடுத்த பெரிய கேமராவ விட ஸ்டாண்டுல நேரா நின்ன போன் நல்ல படம் குடுக்கும். ஓரம் குழைஞ்சு போறதும் ஜன்னல் பக்கம் தடுமாறுறதும் உங்களுக்கே கண்ணுல உறுத்த ஆரம்பிக்கும்போது கேமரா வாங்குங்க.

கடைசியா செகண்ட் ஹேண்ட் வாங்குறப்ப. பாடிய விட லென்ஸ நல்லா பாருங்க. நான் ஒருதடவ பழைய வைடு லென்ஸ் ஒண்ணு வாங்கினேன், கையில வெச்சுப் பாத்தப்ப கண்ணாடி பளபளன்னு இருந்துச்சு, வித்தவரும் நல்லாத்தான் பேசினார். முதல் வீட்டுல ஜன்னல் பக்கம் திருப்பினதும் ஜன்னல சுத்தி பால் ஊத்தின மாதிரி ஒரு மங்கல், வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சு உள்ள பாத்தா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா ஃபங்கஸ். மத்த வேலைக்கு அது தெரிஞ்சிருக்காது, வீட்டு போட்டோவுல ஒவ்வொரு படத்துலயும் ஜன்னல் இருக்கும், அதனால ஒவ்வொரு படத்துலயும் தெரியும். போன் டார்ச்ச பின்பக்கத்துலேர்ந்து சாய்வா அடிச்சு முன்பக்கம் பாருங்க, தூசி ரெண்டு இருந்தா பரவால்ல, நூல் நூலா தெரிஞ்சா விட்டுடுங்க. அடுத்து கையோட ஒரு டெஸ்ட் ஷாட் எடுங்க: எஃப் 8, செங்கல் சுவரோ டைல்ஸ் சுவரோ, நேரா நின்னு. நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க, நாலும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு மூலை மட்டும் குழைஞ்சிருந்தா லென்ஸ் எங்கயோ கீழ விழுந்து உள்ள சாஞ்சிருக்கு. அப்புறம் எஃப் 16 வெச்சு வெள்ளைச் சுவர ஃபோகஸ் இல்லாம ஒண்ணு எடுங்க, கரும்புள்ளியா தெரியிறதெல்லாம் சென்சார் மேல இருக்கிற தூசி, அத சுத்தம் பண்ணிடலாம், ஆனா கோடு மாதிரி இருந்தா அது கீறல், அந்தப் பாடி வேண்டாம். ஷட்டர் எத்தனை தடவ அடிச்சிருக்குன்னு கேளுங்க, டி5300 மாதிரி பாடில ஒரு லட்சம் தடவைக்கு டெஸ்ட் பண்ணிருப்பாங்க, ஒரு வீட்டுக்கு இருபது கோணம், கோணத்துக்கு மூணுன்னா அறுபது ஆச்சு, நாப்பதாயிரம் ஓடின பாடிலகூட இன்னும் ஆயிரம் வீடு எடுக்கலாம்.

நீங்க எடுக்கப் போற வீடுகள்ல ஆக சின்ன ரூம் எத்தனை அடின்னு அளந்து சொல்லுங்க, எந்த எம்எம் போதும்னு கணக்கு போட்டு சொல்றேன்.